ரெண்டு சவுத் ஹாலந்தும் எங்க ஊர் வடிகாலும்

போன தை மாசம் சம்பா அறுப்பு ஓடிக்கிட்டிருந்த நேரம், மெஷின் வரும்னு வரப்புல காத்துக்கிட்டு நிக்கிறப்ப அக்கா பொண்ணு இங்கிலாந்துலேருந்து போன் பண்ணினா. நர்ஸ் வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் ஆகுது, லிங்கன்ஷயர்ங்கிற கவுண்டியில பாஸ்டன் பக்கம் வேலை, அப்பதான் ஹோல்பீச்ங்கிற ஊருல வாடகைக்கு வீடு மாறியிருந்தா. "மாமா, வீட்டு வரி பேப்பர் வந்திருக்கு, அதுல சவுத் ஹாலந்துனு போட்டிருக்கு, ஹாலந்து நெதர்லாந்துல இல்ல இருக்கு"னு கேட்டா. அதோட அந்த ஒரே வரியை கவுண்டிக்கு இவ்வளவு, போலீசுக்கு இவ்வளவு, டிஸ்ட்ரிக்ட்டுக்கு இவ்வளவு, பாரிஷுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் போட்டிருக்காம், பாரிஷ்னா சர்ச் ஆச்சே, நான் எதுக்கு அதுக்குக் கட்டணும்னு அடுத்த கேள்வி.

அந்த நேரம் எனக்கு பதில் சொல்லத் தெரியல, பார்த்துச் சொல்றேம்மான்னு வச்சுட்டேன். ஆனா இந்த மாதிரி கேள்வி வந்துச்சுன்னா என்னால சும்மா இருக்க முடியாது. எங்க அப்பா கணக்குப்பிள்ளையா இருந்தவர். 1980ல கிராம அதிகாரிங்க பதவியை எல்லாம் எடுத்துட்டு அப்புறம் விஏஓ வந்தாங்கல்ல, அது வரைக்கும் எங்க ஊரு அடங்கல், சிட்டா, அ பதிவேடு எல்லாம் எங்க வீட்டுத் திண்ணையிலதான் எழுதுனாங்க. சின்னப் புள்ளையில அப்பா பக்கத்துல உக்காந்து நான் பார்த்த மொத படமே ஊரு புலப்படம்தான். எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தக் கல்லு, எந்த வாய்க்கா எந்த சர்வே நம்பருக்குள்ள ஓடுதுங்கிறதெல்லாம் எங்க வீட்டுல சோத்துக்கு உக்காரும்போது பேசுற பேச்சு. அதனால லிங்கன்ஷயரை எப்படி வெட்டி எப்படிப் பிரிச்சு வச்சிருந்தாங்கன்னு நாலஞ்சு மாசமா ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன், படிக்கப் படிக்க எங்க ஊரு ஞாபகம்தான் வந்துக்கிட்டே இருந்துச்சு.

மொதல்ல ஹாலந்து விஷயம். லிங்கன்ஷயர் பழைய கணக்குல யார்க்ஷயருக்கு அடுத்த பெரிய கவுண்டி. அதை ரொம்ப காலமாவே மூணு பகுதியா வச்சிருந்தாங்க, லிண்ட்ஸி, கெஸ்டிவன், ஹாலந்து. லிண்ட்ஸி வடக்க, மூணுல பெருசு, ஒரு காலத்துல தனி ராஜ்ஜியமாவே இருந்த எடம். கெஸ்டிவன் தென்மேற்குல மேட்டாங்கரை. ஹாலந்து தென்கிழக்குல, வாஷ்னு ஒரு அகலமான வளைகுடா இருக்கு, அதைச் சுத்தி தட்டு மாதிரி சப்பையா கிடக்கிற வண்டல் பூமி, நம்ம முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் நின்னு பார்த்தா வானம் எப்படி தரையைத் தொடுமோ அப்படித்தான் அவ அனுப்புன போட்டோவுலயும் இருக்கு. நெதர்லாந்துல இருக்கிற ஹாலந்து, மரக்காட்டு நிலம்ங்கிற அர்த்தத்துல வந்த பேரு, இதுக்கும் அதுக்கும் பேருதான் ஒண்ணு, வேரு வேற. 1889ல கவுண்டி கவுன்சில்கள் வந்தப்ப இந்த மூணு பகுதிக்கும் தனித்தனி கவுன்சில் கொடுத்தாங்க, 1974 ஏப்ரல் 1 அன்னிக்கு மூணையும் கலைச்சு ஒரே லிங்கன்ஷயரா ஆக்குனாங்க, அதுலயும் லிண்ட்ஸியோட வடக்குப் பாகத்தை எடுத்து ஹம்பர்சைடுன்னு ஒரு புதுக் கவுண்டியில போட்டு, 1996ல அந்தக் கவுண்டியையும் எடுத்துட்டாங்க. ஹோல்பீச், ஸ்பால்டிங் இருக்கிற பாகத்துக்கு மட்டும் சவுத் ஹாலந்து டிஸ்ட்ரிக்ட்னு பழைய பேரு நின்னுக்கிச்சு.

இதைப் படிக்கிறப்ப எனக்கு எங்க ஊருதான். நாங்க திருத்துறைப்பூண்டி தாலுகா, கடைமடை. அப்பா பொறந்தது தஞ்சாவூர் ஜில்லா. 1991ல நாகப்பட்டினம் மாவட்டம் பிரிஞ்சப்ப நாங்க நாகப்பட்டினம். 1997 ஜனவரி 1லேருந்து திருவாரூர். வீடு அங்கேயேதான் இருக்கு, வாசல்ல அதே புங்க மரம்தான், மாவட்டம் மட்டும் மூணு பார்த்தாச்சு. எங்க பெரியம்மா இன்னிக்கும் லெட்டர் எழுதுனா தஞ்சை ஜில்லான்னுதான் எழுதுவாங்க, லிங்கன்ஷயர்லயும் வயசானவங்க இன்னும் ஹாலந்து, கெஸ்டிவன்னு பேசுறதை அவ கேட்டிருக்கா.

இன்னொரு சங்கதி இருக்கு, இது என் மனசுல ரொம்ப நாளா ஓடிக்கிட்டே இருந்துச்சு. நெதர்லாந்துலயும் ஒரு சவுத் ஹாலந்து மாகாணம் இருக்கு, அந்த மாகாணத்துலதான் லெய்டன் ஊரு. ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரைக் கொடுத்த செப்பேடு இருக்கே, அது அந்த லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததாலதான் லெய்டன் செப்பேடுன்னு பேரே வந்துச்சு. நம்ம புள்ளை ஒரு சவுத் ஹாலந்துல உக்காந்து எல்லை என்னன்னு கேக்குது, நம்ம ஊரு எல்லையை எப்படி அளந்தாங்கன்னு எழுதுன செப்பேட்டுக்கு இன்னொரு சவுத் ஹாலந்து பேரு கொடுத்திருக்கு. அந்தச் செப்பேட்டுல ஊரு எல்லையை எப்படிக் குறிச்சாங்கன்னு ஒரு வரி வரும், பிடி சூழ்ந்து பிடாகை நடந்து கல்லும் கள்ளியும் நாட்டி. பெண் யானையை எல்லை சுத்தி நடக்க விட்டு, அது நடந்த தடத்துல கல்லை நட்டு கள்ளிச் செடியை வச்சாங்க. நாட்டார் கூட நடந்திருக்காங்க, எல்லோரும் பார்க்க நடந்த எல்லை, அப்புறம் யாரும் மாத்திச் சொல்ல முடியாது.

இங்கிலாந்துல யானை இல்ல, ஆனா அதே மாதிரி நடை இருந்திருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆகுறப்ப வர்ற ரொகேஷன் நாள்கள்ல பாதிரியாரும் ஊர்ப் பெரியவங்களும் சின்னப் பசங்களைக் கூட்டிக்கிட்டு பாரிஷ் எல்லை பூரா நடப்பாங்களாம். கையில வெள்ளைக் குச்சி வச்சு எல்லைக் கல்லை அடிச்சுக்கிட்டே போவாங்க, சில எடத்துல பசங்களையே தூக்கி கல்லு மேல லேசா இடிப்பாங்க, அந்தப் பையன் கிழவன் ஆனாலும் இந்த எடத்துலதான் கல்லு இருந்துச்சுன்னு மறக்காம சாட்சி சொல்லணும்ங்கிறதுக்காக. வரைபடம் இல்லாத காலத்துல பையனோட உடம்புதான் பதிவேடு. நம்ம ஊர்ல பிடாரி கோயில் திருவிழாவுக்கு எல்லை கட்டுறப்ப பின்னாடியே ஓடுவோமே, எந்த முக்குல திரும்புவாங்க, எந்த ஒத்தையடிப் பாதைக்கு மேல போக மாட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல வரும், அது எனக்கு எஃப்எம்பிங்கிற எந்தப் புலப்படப் புஸ்தகமும் சொல்லித் தந்தது இல்ல.

சரி, கவுண்டிக்கும் பாரிஷுக்கும் நடுவுல என்ன இருந்துச்சுன்னா, தெக்கத்தி இங்கிலாந்துல ஹண்ட்ரட், அதாவது நூறு. ஹைடுங்கிறது ஒரு குடும்பத்துக்குப் போதுமான நிலம்னு ஒரு அளவு, அப்படி நூறு ஹைடு சேர்ந்தா ஒரு ஹண்ட்ரட்னு ஆரம்பிச்சது, பின்னாடி அளவு ஊருக்கு ஊரு மாறிப் போச்சு. கென்ட்ல ஹண்ட்ரட்டுக்கு மேல லேத், சசெக்ஸ்ல ரேப்னு ஆறு பட்டை, யார்க்ஷயர்ல ரைடிங்னு மூணு பாகம், ரைடிங்னாலே மூணுல ஒண்ணுன்னு அர்த்தம், அதனாலதான் கிழக்கு, மேற்கு, வடக்குன்னு மூணு இருந்துச்சு, தெக்கு கிடையாது. டேனிஷ்காரங்க வந்து குடியேறுன லிங்கன்ஷயர் பக்கம் ஹண்ட்ரட்டுக்குப் பதிலா வாப்பன்டேக். ஆயுதத்தைத் தூக்கிக் காட்டி சம்மதம் சொல்ற சபைன்னு அந்தப் பேருக்கு வேரு. ஹாலந்துல மூணு வாப்பன்டேக், எல்லோ, கர்ட்டன், ஸ்கர்பெக். ஹோல்பீச் எல்லோவுல வருது.

நிலத்து அளவும் அங்க கேருகேட், போவேட்னு ரெண்டு. எட்டு மாடு பூட்டுற ஒரு ஏரு உழுற நிலம் கேருகேட், அதுல எட்டுல ஒரு பங்கு போவேட், அதாவது ஒரு மாட்டோட பங்கு. வேலி, மா, குழின்னு கேட்டு வளந்தவனுக்கு இது அந்நியமா தெரியல.

1086ல வில்லியம் ராஜா எடுத்த டூம்ஸ்டே கணக்குல லிங்கன்ஷயர் பாகம் படிச்சீங்கன்னா கடைசியில வழக்குகள்னு ஒரு தனிப் பகுதியே இருக்கு. இந்த நிலம் என்னுதுன்னு ஒருத்தன், இல்ல என்னுதுன்னு இன்னொருத்தன், அதுக்கு வாப்பன்டேக் ஆளுங்க என்ன சொன்னாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. ராஜாவோட அதிகாரி எழுதினாலும் வாக்கு ஊர்க்காரங்க வாக்கு. வருஷா வருஷம் ஊர் நிலக் கணக்கைச் சரிபார்க்கிற ஜமாபந்தி நடக்கிறப்ப தாலுகா ஆபீஸ் வேப்ப மரத்தடியில மனுவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற கூட்டம்தான் எனக்குக் கண்ணுக்குள்ள வந்துச்சு.

எல்லோ வாப்பன்டேக் கூடுன எடம்னு மோல்ட்டன் ஊரு பக்கம் ஒரு கல்லு நிக்குது, எல்லோ கல்லுன்னே பேரு. லீவு நாள்ல பஸ் புடிச்சு, மீதி தூரம் நடந்து போயி அவ பார்த்துட்டு வந்தா. மழையிலயும் காத்துலயும் தேஞ்சுபோன சின்னக் கல்லு மாமா, ரோட்டோரம் நிக்குது, பக்கத்துல ஒரு ஆளும் இல்லன்னு சொன்னா. அந்த வாப்பன்டேக் பேரு இப்ப அரசாங்கத்துல இல்ல, ஆனா சர்ச் நிர்வாகத்துல கிழக்கு எல்லோ, மேற்கு எல்லோன்னு இன்னும் புழங்குது. நம்மகிட்டயும் சோழர் காலத்துப் பிரிவுங்களான கூற்றமும் நாடும் வளநாடும் கோயில் கல்வெட்டுலதானே உயிரோட இருக்கு. பெரிய கோயில் சுவத்துல பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்னு இருக்கு. நாகப்பட்டினம் க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றம். ராஜராஜன் தன்னோட பட்டப் பேருங்களை வச்சு வளநாடுகளை அமைச்சப்ப ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கிற நிலத்தை ஒரு வளநாடா புடிச்சிருக்காங்க, காவிரிக்கும் அரசலாத்துக்கும் நடுவுல உய்யக்கொண்டார் வளநாடு. பேரு ராஜாவோடது, கோடு தண்ணியோடது. டெல்டாவுல பொறந்தவங்களுக்கு இதுல அதிசயம் ஒண்ணும் இருக்காது.

இப்ப பாரிஷ். எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீளமா போகும்.

எல்லோ பக்கத்து பாரிஷ் மேப்பை அவ அனுப்பினா, பார்த்தா ஒவ்வொண்ணும் வடக்கு தெக்கா மைல் கணக்குல நீண்ட நாடா மாதிரி. பின்ச்பெக், ஸ்பால்டிங்ல ஆரம்பிச்சு வெஸ்டன், மோல்ட்டன், வாப்லோட், ஹோல்பீச், ஃப்ளீட், கெட்னி, சட்டன்னு வரிசையா. ஏன் இப்படி நீளமா வெட்டுனாங்கன்னு மொதல்ல புரியல, அப்புறம் நிலத்தைப் படிச்சப்ப புரிஞ்சுச்சு. நடுவுல ஒரு வண்டல் மேடு, அதுலதான் வீடு, சர்ச், நல்ல வயல் எல்லாம். வடக்க வாஷ் பக்கம் உப்புத் தண்ணி ஏறி இறங்குற சதுப்பு, ஆடு மேய்க்கவும் உப்பு காய்ச்சவும் உதவும், கடல் ஒதுங்க ஒதுங்க புது நிலமா மாறும். தெக்க ஃபென்னு சொல்ற கரி மண்ணு சேத்துக் காடு, அங்க மீனு, வாத்து, கோரை, கோடையில மாட்டுக்குப் புல்லு. குறுக்க வெட்டியிருந்தா ஒரு ஊருக்கு பூரா மேடு கிடைச்சிருக்கும், இன்னொரு ஊருக்கு பூரா உப்பு. நெடுக்க வெட்டுனதால எல்லா ஊருக்கும் கொஞ்சம் மேடு, கொஞ்சம் சதுப்பு, கொஞ்சம் சேறு.

இதைப் பார்த்ததும் எங்க தஞ்சாவூர் மிராசு ஊருங்கள்ல இருந்த கரைப் பங்கு முறைதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்துச்சு. ஒரு பங்குக்காரனுக்கு தலைமடையில ஒரு துண்டு, நடுவுல ஒரு துண்டு, கடைமடையில ஒரு துண்டு. நிலம் சிதறிக் கிடக்கு, உழவுக்கு அலைச்சல்னு இப்ப சொல்லலாம், ஆனா தண்ணி வராத வருஷம் எல்லாருக்கும் கொஞ்சம் காயும், வெள்ளம் வந்த வருஷம் எல்லாருக்கும் கொஞ்சம் அழுகும், ஒருத்தன் மட்டும் அழியமாட்டான். ஊரோட நல்லதையும் கெட்டதையும் பங்கு போட்டுக்கத் தெரிஞ்சவங்க போட்ட கோடு அது. ஆனா எங்க பக்கத்துல அந்தப் பங்குக்குள்ள பண்ணையாள் குடும்பங்களுக்கு ஒரு குழி கூட இல்ல, அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

பாரிஷ் நீளமா இருந்ததால ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஊருங்க முளைச்சுச்சு, அம்மா ஊரு பேரை முன்னாடி வச்சுக்கிட்டு. கெட்னிக்குள்ள கெட்னி ஹில், கெட்னி டைக், கெட்னி ட்ரோவ் எண்ட். மோல்ட்டனுக்கு மோல்ட்டன் சாப்பல், மோல்ட்டன் சீஸ் எண்ட். ட்ரோவ்னா மாடு ஓட்டிக்கிட்டுப் போற அகலப் பாதை, அது முடியிற எடம் ட்ரோவ் எண்ட். சீஸ் எண்ட்னா கடல் முடியிற எடம், ஆனா கடல் இப்ப அங்கேருந்து ரொம்ப தூரம் போயிருச்சு, பேரு மட்டும் பழைய கரையிலயே நிக்குது. நம்ம ஊருங்கள்ல படுகை, திடல், மேல, கீழ, வடபாதி, தென்பாதின்னு வர்ற மாதிரி, அப்புறம் நெம்மேலி மாதிரி ஒரே பேருல ஊருங்க இருக்கிறதால முன்னாடி நம்பர் போட்டு 54 நெம்மேலின்னு சொல்றோமே அது மாதிரி. பேரைப் படிச்சாலே ஒரு காலத்துல தண்ணி எங்க நின்னுச்சுன்னு தெரியும். அப்பா எப்பவும் சொல்வார், ஊரு பேருல திடல்னு இருந்தா வீடு கட்டு, படுகைன்னு இருந்தா வாழை போடுன்னு.

பாரிஷ் சர்ச்தானே, வரி எதுக்குன்னு அவ கேட்டதுக்கு வர்றேன். ஆரம்பத்துல அது சர்ச்தான். ஒரு பாதிரியார், ஒரு கோயில், அவங்களைக் காப்பாத்த அந்த எல்லைக்குள்ள விளையுறதுல பத்துல ஒண்ணு, டைத்னு பேரு. கோயிலுக்குன்னு தனி நிலமும் இருக்கும், நம்ம தேவதானம் மாதிரி. ஆனா டியூடர் ராஜாக்க காலத்துல அரசாங்கத்துக்கு ஊருக்குள்ள கை வேணும்னு வந்தப்ப இந்த பாரிஷையே புடிச்சுக்கிட்டாங்க. 1538ல தாமஸ் கிராம்வெல் உத்தரவு, ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூணையும் எழுதி வைக்கணும், அந்தப் புஸ்தகத்தை ரெண்டு பூட்டுப் போட்ட பெட்டியில வைக்கணும், ஒரு சாவி பாதிரியார்கிட்ட, இன்னொண்ணு ஊர்க்காரங்ககிட்ட. 1555ல ரோடு போடுறதும் பாரிஷ் வேலை ஆச்சு. 1601ல ஏழைங்களைக் காப்பாத்துறதும் பாரிஷ் தலையில, அதுக்கு வரி வசூலிக்கலாம்னு சட்டம். அந்த வரியிலதான் சர்ச்சோட பாரிஷ் வேற, நிர்வாக பாரிஷ் வேறன்னு மெதுவா பிரிய ஆரம்பிச்சு, 1894ல பாரிஷ் கவுன்சில்னு தேர்தலோட வந்துச்சு. அவ கட்டுறது அந்தக் கவுன்சிலுக்கு, நம்ம ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுற மாதிரி. சர்ச்சுக்குப் போகாதவங்களும் கட்டணும்.

இதுல என்னை வருத்துன பாகம் ஒண்ணு உண்டு. 1662ல ஒரு சட்டம், ஏழை ஒருத்தன் பொழைக்க வேற பாரிஷுக்குப் போனா, இவன் நமக்குச் செலவாயிடுவான்னு நினைச்சா சொந்த பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். கல்யாணம் ஆகாம வயித்துல புள்ளையோட இருக்கிற பொண்ணுங்களை புள்ளை பொறக்குறதுக்குள்ள எல்லை தாண்டி விட்டுட்டு வந்திருக்காங்க, பொறந்த எடமே அந்தப் புள்ளைக்கு சொந்த பாரிஷா ஆயிடும், செலவு நம்ம தலையில வந்துடும்னு. எல்லைங்கிறது ஒருத்தனுக்கு உரிமை, இன்னொருத்தனுக்கு வாசல்ல போட்ட கட்டை. கூலிக்கு ஊரு விட்டு ஊரு போன குடும்பங்களை நீ எந்த ஊரு, யாரு பண்ணை ஆளுன்னு கேட்டு நிப்பாட்டுன கதையை எங்க பக்கத்துப் பெரியவங்க வாயால நான் கேட்டிருக்கேன், அதனால இதை அவங்க நாட்டுக் கதைன்னு தள்ளிட்டுப் போக முடியல.

இனி தண்ணி. நான் இவ்வளவு தூரம் எழுதுனது இதுக்காகத்தான்.

ஹாலந்துல நிலத்துக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிறது மண் கரை. அதை யாரு பார்த்துக்கிட்டாங்கன்னா பாரிஷ் பாரிஷா. டைக்ரீவ்னு ஒவ்வொரு பாரிஷுக்கும் ஆளு, ஏக்கருக்கு இவ்வளவுன்னு வாங்கி, கரையையும் வடிகாலையும் மதகையும் பார்க்கிறது அவர் வேலை. கரையில இன்ன எடத்துலேருந்து இன்ன எடம் வரைக்கும் இன்ன நிலத்துக்காரன் பொறுப்புன்னு எழுதியே வச்சிருந்தாங்க. யாராவது செய்யலைன்னா அதை விசாரிக்க சூவர்ஸ் கமிஷன்னு ஒரு அமைப்பு, 1531ல எட்டாம் ஹென்றி காலத்துல அதுக்கு உறுதியான சட்டம் போட்டாங்க. சூவர்னா இப்ப சாக்கடை, அப்ப தண்ணியைக் கடலுக்குக் கொண்டுபோற வடிகால். கமிஷன் முன்னாடி ஊர் ஜூரி வந்து நின்னு, இன்ன ஆளு தன் பங்குக் கரையை அடைக்கலைன்னு பேரைச் சொல்லுவாங்க, அபராதம் விழும். இந்த கமிஷன் 1930 வரைக்கும் ஓடுச்சு, அந்த வருஷம் நில வடிகால் சட்டம் வந்து உள்ளூர் வடிகால் வாரியங்களா மாறுச்சு. பிளாக் ஸ்லூஸ் வாரியம், சவுத் ஹாலந்து வாரியம், வெல்லண்ட் அண்ட் டீப்பிங்ஸ் வாரியம்னு இன்னிக்கும் இருக்கு, விவசாயிங்க நேரா ரேட் கட்டுறாங்க, வீட்டுக்காரங்க பங்கு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் வழியாப் போகுது. அவ கட்டுற வரியிலயும் கொஞ்சம் வடிகாலுக்குத்தான் போகுதுன்னு சொன்னப்ப, அப்ப சந்தோஷமா கட்டுறேன் மாமான்னா. வாரியத்து எல்லை எதுன்னா மழைத் தண்ணி எங்க ஓடுதோ அதுதான் எல்லை, கவுண்டி மாறினாலும் டிஸ்ட்ரிக்ட் மாறினாலும் அது மாற வேண்டியதில்ல.

அவங்ககிட்டயும் கோளாறு வராம இல்ல. பாஸ்டனுக்கு மேற்க ஹாலந்து ஃபென்னு ஒரு பெரிய பொது மேய்ச்சல் காடு, பதினோரு ஊருக்குச் சேர்ந்த உரிமை. 1767ல சட்டம் போட்டு அதைப் பிரிச்சப்ப ஒவ்வொரு பாரிஷுக்கும் ஃபென்ல ஒரு துண்டு, தாய் ஊருலேருந்து தள்ளி. ஊரு ஒரு பக்கம், ஊரோட வாலு இன்னொரு பக்கம். இப்படி நாடு பூரா துண்டு துண்டா கிடந்த பாரிஷ்களை ஒழுங்கு பண்ண 1876லேருந்து 1882க்குள்ள மூணு சட்டம் போட வேண்டியிருந்துச்சு. எந்த பாரிஷுலயும் சேராத எடங்களும் இருந்துச்சு, வரியும் கிடையாது, ஏழைக்கு உதவியும் கிடையாது, 1857ல அதையெல்லாம் பாரிஷாக்குனாங்க.

நம்ம பக்கம் குடிமராமத்து. வாய்க்கா வெட்டு வந்தா வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட. 1858ல மதராஸ் அரசாங்கம் அதைச் சட்டமாவே எழுதுச்சு, வராதவங்ககிட்ட கூலிக் காசு வாங்கலாம்னு. ஊருக்கு நீர்க்கட்டி இருந்தார், எந்த மடை எப்ப திறக்கணும்னு அவருக்குத் தெரியும். இப்ப சட்ரஸ், அதாவது மதகுக் கதவு, திறக்க லஸ்கர்ங்கிற அரசாங்க ஆளுங்க வர்றாங்க, அவங்களுக்கு ஏழெட்டு ஊரு, பாவம் அவங்க எத்தனையைத்தான் பார்ப்பாங்க.

எங்க ஊரு கிழக்கு எல்லையில ஒரு வடிகால், கோரையாத்துல போய் விழுறது. எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் அதுதான் கோடு. ரெண்டு ஊரும் வேற வேற பிர்கா. அ பதிவேட்டுல எங்க பக்கத்துக் கரை எங்க கணக்குல, அந்தப் பக்கத்துக் கரை அவங்க கணக்குல, நடுவுல தண்ணி ஓடுற எடம் ரெண்டு பக்கமும் புறம்போக்கு. எட்டு வருஷமா தூர் வாரல. ஒரு ஆபீஸுக்குப் போனா இது அந்தப் பக்கத்து வேலைன்னாங்க, அந்தப் பக்கத்துக்குப் போனா எஸ்டிமேட் உங்க பக்கம்தான் போட்டிருக்குன்னாங்க. வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைச்சு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்கழி மழையில கதிர் வர்ற பயிரு ஒன்பது நாள் தண்ணிக்குள்ள நின்னுச்சு. எனக்கு மட்டும் பன்னெண்டு மா போச்சு. பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு ரெண்டு வேலி, குத்தகை நிலம்.

அப்பா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னு அப்ப எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு, ஆனா எதனால தோணுச்சுன்னு தெரியல. ஹாலந்து டைக்ரீவ் பத்திப் படிச்ச ராத்திரிதான் எந்திரிச்சுப் போயி அப்பா பெட்டியைத் திறந்தேன். பழைய அடங்கல் நகலுக்கு அடியில ஒரு நீள நோட்டு. அதுல ஒரு பக்கத்துல அந்த வடிகால் இருந்துச்சு. அரச மரத்து மதகுலேருந்து பெரிய வளைவு வரைக்கும் இத்தனை சங்கிலி நம்ம ஊரு, வளைவுலேருந்து ஆத்து மதகு வரைக்கும் இத்தனை சங்கிலி அவங்க ஊருன்னு அப்பா கையெழுத்து. நடுவுல கோடு போட்டு ஆளுக்கு ஒரு கரைன்னு இல்ல, நீளத்துல வெட்டி, உன் பாகத்துல ரெண்டு கரையும் நீதான், என் பாகத்துல ரெண்டு கரையும் நான்தான். ரெண்டு ஊரு நாட்டாண்மைங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

சங்கிலின்னா 66 அடி, நூறு லிங்க். எட்மண்ட் கண்டர்ங்கிற ஆளு 1620ல இங்கிலாந்துல உண்டாக்குன அளவு, பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அங்க ஃபென் நிலத்தைப் பங்கு போட்ட அதே சங்கிலியைப் போட்டுத்தான் இங்க எங்க கோரையாத்துக் கரையையும் அளந்திருக்காங்க.

நோட்டைக் கையில வச்சுக்கிட்டு அப்பா சொன்ன 1952 புயல் கதையும் ஞாபகம் வந்துச்சு. நவம்பர் 30, நாகப்பட்டினத்துப் பக்கம் கரை ஏறுன புயல், அப்பாவுக்கு அப்ப பத்து வயசு. தண்ணி வடிஞ்சதும் மொத காரியமா ரெண்டு ஊரு ஆளுங்களும் தன் தன் சங்கிலிக்கு மம்பட்டியோட போய் நின்னாங்களாம், யாரும் யாரையும் கூப்புடலையாம். அதுக்கு சரியா ரெண்டு மாசம் கழிச்சு 1953 ஜனவரி 31 ராத்திரி லிங்கன்ஷயர் கடற்கரையில கடல் கரையை உடைச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு, இங்கிலாந்துல மட்டும் 307 பேர் செத்துப் போனாங்க. அவ வேலை பார்க்கிற எடத்துல ஒரு வயசான அம்மா, அந்த ராத்திரி மாடி ஜன்னல் வழியா ஆடுங்க தண்ணியில மிதந்து போறதைப் பார்த்ததை இவகிட்ட சொல்லி அழுதிருக்காங்க.

இந்த வருஷ ஜமாபந்தியில அப்பா நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் போட்டு மனு கொடுத்தேன், வடிகாலை ரெண்டு ஊரு கணக்குலயும் நீளவாக்குல எழுதணும்னு. ரசீது கொடுத்திருக்காங்க. பக்கத்து ஊர்ல அந்தக் குத்தகைக்காரர் வீட்டுக்கும் நோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். அவர் ரொம்ப நேரம் கையெழுத்துங்களையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, இது எங்க தாத்தா கையெழுத்துன்னு விரல் வச்சுக் காட்டினார். ஆவணி பொறந்ததும் பதினஞ்சு இருபது பேர் சேர்ந்து அளந்து கல்லு நட்டுடலாம், மனு வர்றப்ப வரட்டும்னு அவர்தான் மொதல்ல சொன்னார். சங்கிலி இப்ப யாருகிட்டயும் இல்ல, 66 அடிக்கு நைலான் கயிறு வெட்டி முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். சின்னப் பசங்களையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு ரெண்டு ஊர்லயும் சொல்லியிருக்கு. அக்கா பொண்ணு அன்னிக்கு வீடியோ கால் போடணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்கா, அவளுக்கு அது விடியக்காலை நாலு மணியா இருக்கும்.